பட்டியலில் இல்லாத பெயர்

தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்த ஷேக் பரீத்தை கொரோனா இரண்டாம் அலை அடித்த அந்த ஏப்ரலில், சந்தில் எல்லாரையும் தெரிந்தவர் என்று தடுப்பூசி முகாம்காரர்கள் கூப்பிட்டார்கள். அவருடைய சந்துக்கு இருபது டோஸ்தான் வரும், நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களில் யார் யாருக்கு என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சந்தில் அந்த வயதுக்காரர்கள் நூற்றுக்கு மேல் இருந்தார்கள்.

பத்தொன்பது பெயர் எழுதியாகிவிட்டது. கடைசி இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் அவர் தம்பி ஷகீல், நெஞ்சடைப்பு வந்து பிழைத்தவன். இன்னொருத்தி அக்தர் பானு. இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டி கஃபன் துணி உடுத்துகிறவள். அந்த மாதம் அவளுக்கு ஓய்வே இல்லை. வீட்டிலேயே செத்தவர்களில் யாருக்குக் கொரோனா என்று யாரும் சோதிக்கவும் இல்லை.

அவளே பட்டறைக்கு வந்து கேட்டாள். மகள் ஃபர்ஸானா பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், கர்ப்பிணிகளுக்கு ஊசி போடமாட்டேன் என்கிறார்கள், தனக்காவது போட்டால் வீட்டுக்குள் நோய் வராது என்றாள். அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல ஷேக் பரீத்துக்கு வாய் வரவில்லை.

"பார்க்கேன்" என்றார்.

அன்றைக்கே ஷகீலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

முகாம் பத்து நாள் கழித்து நடந்தது. வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று தெரிந்து அக்தர் பானு திரும்பினாள். இரண்டாம் நாள் காய்ச்சல். அவளுக்கு நாலு நாளில் தணிந்தது. ஃபர்ஸானாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவே இரண்டு நாளானது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது, ஃபர்ஸானா பிழைக்கவில்லை. மூடிக் கட்டிய உடலைத் தாய் தொடக்கூட விடவில்லை.

ஒரு வாரம் பொறுத்து ஷேக் பரீத் போனார். தம்பியின் நெஞ்சடைப்பைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அக்தர் பானு குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே சொன்னாள்.

"தம்பிக்குப் போட்டது தப்புன்னு சொல்லலைண்ணே. இல்லைன்னா இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஃபர்ஸானாவ அவ புருஷன் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அவர் எழுந்து வந்தார்.

மே கடைசியில் மறுபடி பதினைந்து டோஸ் வந்தது. வேறு ஆளைப் பாருங்கள் என்றார், யாரும் முன்வரவில்லை. எழுதிக் கொடுத்த கையோடு, விடுபட்டவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாக நடந்தார். முதல் வீடு, பொதுக் கழிப்பறை கழுவும் கணேசபாண்டியனுடையது.

"உன் பேரு இல்ல" என்றார்.

கணேசபாண்டியன் கதவைச் சாத்திக்கொண்டான். ஷேக் பரீத் அடுத்த வீட்டைத் தட்டினார்.