மூத்தவன் முதலில்

வெர்லின் ஸ்ட்ரோப் கடற்படையில் இருந்தது பொய்யில்லை. நாலு வருஷம் ஒரு சரக்குக் கப்பலின் சலவை அறையில் நின்று மற்றவர்களின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டான். அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. கப்பல் முழுக்க அழுக்குச் சட்டையோடு திரிந்தால் அது எந்தச் சண்டைக்குத்தான் போகும்? உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தால் எங்கள் ஊர் டெக்கர்ஸ் ஃபோர்க்கில் அவனை யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆனால் எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைகளில் ஆண்பிள்ளை என்றால் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும், இல்லை போருக்குப் போயிருக்க வேண்டும். பியர்க் கடையில் அப்படிப்பட்டவர்கள் நடுவே உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? ஊர் திரும்பிய முதல் குளிர்காலத்திலேயே வெர்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சலவை என்பதெல்லாம் வெளிவேஷம் என்றான். தான் இருந்தது சீல் என்கிற கடற்படைக் கமாண்டோப் படையில் என்றும், தன் கோப்புகளை அரசாங்கம் பூட்டி வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றும் சொன்னான். யாரும் கேட்கவில்லை, பியர் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகென்ன, முப்பது வருஷம் வாய் கூசாமல் அளந்து விட்டான். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் காரில் உட்கார்ந்து கையசைப்பவன் அவன்தான். கழுகும் நங்கூரமும் திரிசூலமும் சேர்ந்த அந்தப் படையின் பொன்னிறச் சின்னம் ஒன்றை இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கினான். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தங்கை வீட்டுச் சுவரில் மாட்டினான்.

தங்கை லொரீன் புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவள். அவளுக்கு ஒரே பிள்ளை, கோல்பி. தகப்பன் இல்லாத அந்தப் பையனுக்கு உலகத்திலேயே பெரிய ஆள் தாய்மாமன்தான். வெர்லினும் அவனை உயிராக வளர்த்தான், அதில் பொய் கலக்கவில்லை. ஜனவரி மாதத்து ஆற்றில் இறக்கி நீந்தவிட்டான். முதுகில் கல்மூட்டையைக் கட்டி மலையேற வைத்தான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பையன் கடற்படையில் சேரப் போகிறேன், மாமா போன படைக்கே போகிறேன் என்று நின்றபோது லொரீன் அழுதாள். வெர்லின்தான் சமாதானம் சொன்னான். அங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தனக்குத் தெரியும், அவன் பத்திரமான கைகளில் இருப்பான் என்றான். முன்பின் தெரியாத ஆட்களுக்காக இப்படி உத்தரவாதம் கொடுக்க அவனால்தான் முடியும்.

கோல்பி பயிற்சியை முடித்தான், நிஜமாகவே அந்தப் படையில் சேர்ந்தான். இருபத்தாறு வயதில், பெயரைக்கூட வெளியே சொல்லாத ஒரு நாட்டில் செத்துப்போய்ப் பெட்டியில் வந்தான்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் லொரீன் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். தன் அண்ணன் இதையெல்லாம் கடந்து வந்தவன், இதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அவன் சொல்கிறான், அவனுக்குத் தெரியும் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முதுகு நிமிர்ந்தது. அந்த ஒரு நம்பிக்கையும் போனால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது வெர்லினுக்குப் புரிந்தது. தன் மானம் போவது இருக்கட்டும், பிள்ளையை ஒரு கட்டுக்கதைக்குத் தாரை வார்த்தோம் என்று அவளுக்குத் தெரியக் கூடாதே என்றுதான் அவன் நடுங்கினான். அதோடு தன் மானத்துக்காகவும் நடுங்கினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் பயந்தது ஒரு வழக்கத்தை நினைத்து. சீல் படையில் ஒருவன் இறந்தால், கூட இருந்தவர்கள் தங்கள் மார்பில் இருக்கும் சின்னத்தைக் கழற்றிச் சவப்பெட்டியின் மூடிமேல் வைத்து, வெறும் முஷ்டியால் அறைந்து அதன் பின்னூசிகளை மரத்துக்குள் இறக்குவார்கள். வெர்லின் அதை டிவியில் பார்த்ததோடு சரி. ஆனால் தானே பல பெட்டிகளில் அறைந்தவன்போல ஊருக்குக் கண் கலங்கச் சொல்லியிருந்தான். அதுவும் போதாதென்று கண், காது, மூக்கு வைத்து, அங்கே நிற்பவர்களில் மூத்தவன்தான் முதலில் அறைய வேண்டும், அது எழுதாத சட்டம் என்று சேர்த்திருந்தான். அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. கதைக்கு எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அடக்கத்தன்று காலையில் லொரீனே கண்ணாடிப் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கிச் சின்னத்தை எடுத்து வந்தாள். அவன் கோட்டில் குத்திவிட்டாள்.

"இது அவங்க ஆளுங்க சமாச்சாரம் லொரீன். நான் ஓரமா நின்னுக்கறேனே."

"நீ அவங்க ஆளு இல்லாம வேற யாரு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்லுளிமங்கன், கோட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான்.

கோல்பியின் படை ஆட்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். வெள்ளைச் சீருடை, இறுகின முகம். அவர்களுக்குத் தலைவனாக வந்தவன் பெயர் டீட்ரிக். கோல்பியோடு பயிற்சி முடித்தவன். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் முடித்ததும் அவர்கள் வரிசையாக நின்றார்கள். லொரீன் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீட்ரிக்கின் முன்னால் போனாள். இவர் உங்களில் ஒருவர், உங்களுக்கெல்லாம் மூத்தவர் என்றாள். மூத்தவர்தான் முதலில் அறைய வேண்டும், அதுதானே உங்கள் வழக்கம் என்று கேட்டாள்.

டீட்ரிக் சின்னத்தைப் பார்த்தான். வெர்லினின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் லொரீனைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான். "எங்க வழக்கம் அதுதான்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வெர்லின் சின்னத்தைக் கழற்றி மூடிமேல் வைத்தான். உள்ளே தான் தூக்கி வளர்த்த பிள்ளை. முஷ்டியை ஓங்கி அறைந்தான். சந்தைச் சரக்கு என்ன தாங்கும்? ஒரே அடியில் கழுகின் சிறகு முறிந்து தெறித்தது. மீதி அவன் உள்ளங்கையின் ஓரத்தைக் கிழித்தது. மரத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது. அடுத்த நொடியே டீட்ரிக் அவன் தோளை அணைப்பதுபோல முன்னால் வந்து நின்று, உடைந்த துண்டுகளைக் கைக்குள் வழித்துக்கொண்டான். அந்த இடத்திலேயே தன் சின்னத்தை வைத்து அறைந்து இறக்கினான். பிறகு ஒவ்வொருவராக வந்து அறைந்தார்கள். லொரீன் கண்டதெல்லாம் அண்ணனின் கையில் வழிந்த ரத்தம்தான். அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள்.

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் சாப்பாடு. தேவாலயத்துப் பெண்கள் பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் பெப்பரோனி ரோலுமாகப் பரப்பியிருந்தார்கள். வெர்லின் கை கழுவப் பின்கட்டுக்குப் போனான். டீட்ரிக் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். அடிப்பான் என்று வெர்லின் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"ஒங்களைப் பத்தி எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும் சார்," என்றான் டீட்ரிக். குரலில் கோபமே இல்லை. "பயிற்சிக்கு வந்த மொத வாரமே கோல்பி, எங்க மாமாவும் இங்கதான் இருந்தார்னு ஒங்க பேரையும், நீங்க பயிற்சி முடிச்சதாச் சொன்ன அணியோட நம்பரையும் பெருமையாச் சொன்னான். அந்த அணியில முடிச்ச ஒருத்தர் அங்கயே வாத்தியாரா இருந்தார். அவர் விசாரிச்சார். சலவை ரூம் வரைக்கும் வெளிய வந்துடுச்சு. அப்புறம் பயிற்சி முடியற வரைக்கும் கோல்பியை யாரும் கோல்பின்னு கூப்பிடல. இஸ்திரின்னுதான் கூப்பிட்டோம். நானுந்தான்."

"அவனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று டீட்ரிக் தலையாட்டினான். அதற்கப்புறமும் பையன் கிறிஸ்துமஸுக்கு வந்தானே. எதிரே உட்கார்ந்து, பியர் ஊற்றிக் கொடுத்து, மாமன் விட்ட கதையையெல்லாம் ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டானே. லொரீன் பக்கத்தில் இருந்தாள் என்பதற்காகக் கேட்டிருக்கிறான். இதை நினைக்க எனக்கே நெஞ்சு எரிகிறது. வெர்லின் குழாயை மூடினான்.

"பயிற்சி நடக்கற எடத்துல ஒரு மணி தொங்கும் சார். முடியலன்னா போய் அதை அடிச்சிட்டு விலகிடலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. அவனுக்குக் கால் எலும்புல விரிசல் விட்டிருந்தது. நான்தான், போதும்டா, போய் அடிச்சிட்டு வீட்டுக்குப் போன்னு சொன்னேன்." டீட்ரிக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுக்கு அவன், எங்க குடும்பத்துல ஒருத்தனாவது நெஜமா இருக்கணும்டான்னான்."

வெர்லின் தேம்பித் தேம்பி அழுதான். நடிக்கத் தெரிந்தவன்தான், ஆனால் இது நடிப்பில்லை. இப்போதே போய் லொரீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஊர் முன்னால் சொல்லிவிடுகிறேன் என்று கதவுப் பக்கம் திரும்பினான். டீட்ரிக் கதவின் குறுக்கே கை வைத்தான்.

"சொல்லக் கூடாது."

"என்னால இதுக்கு மேல முடியாதுப்பா."

"சொன்னா ஒங்க பாரம் எறங்கிடும். அது அந்தம்மா தலையில ஏறும். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அவன் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கான். வேற எதுவும் அவன் கேட்டதில்ல." உடைந்த சின்னத்தைப் பையிலிருந்து எடுத்து வெர்லினின் ஈரக் கையில் வைத்து மூடினான். "இனிமே சாகற வரைக்கும் நீங்க எங்க ஆளு சார். அவங்க கேக்கறப்பல்லாம் எங்க ஆளாவே இருக்கணும்."

கூடத்துக்குத் திரும்பியபோது லொரீன் மைக்குக்குப் பக்கத்தில் நின்று அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். தன் அண்ணன் இரண்டு வார்த்தை பேசுவான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவன் நடந்து வருவதைப் பார்த்து ஊர் ஜனம் எழுந்து நின்றது. மூலை மேஜையிலிருந்த எட்டுப் பேரும் எழுந்து, தங்கள் மூத்தவன் ஒருவனுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார்கள். முப்பது வருஷம் எந்தப் பியர்க் கடையிலும் திக்காத வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று லொரீன் நினைத்தாள். கிட்டே வந்து அவன் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு எடுத்துக் கொடுப்பதாக நினைத்து அவளே கேட்டாள்.

"கடைசியில அவன் ஒன்னை மாதிரியே ஆயிட்டான்ல, வெர்ல்?"

வெர்லின் மூலை மேஜையைப் பார்த்தான். டீட்ரிக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா லொரீன்," என்றான். "அப்படியே என்னை மாதிரிதான்."

கூடம் முழுக்கக் கைதட்டியது. அந்த எட்டுப் பேரும் தட்டினார்கள்.