பன்னிரண்டாம் அறையின் மூன்று இரவுகள்

கூடப்பிறந்த பாசத்துக்கு என் அண்ணன் போட்ட விலை நாற்பது லட்சம். நான் அறுபது கேட்டேன். ஐம்பத்திரண்டில் படிந்தது. மேற்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தந்த கொசுறு ஒன்று உண்டு: ஓட்டலின் இரண்டாம் மாடியில் பன்னிரண்டாம் எண் அறை, நான் சாகும்வரை, வாடகை இல்லாமல்.

ஓட்டல் அப்பா விட்டுப்போனது. அப்பா மொத்த ஜவுளி வியாபாரி. அவர் வாங்கும்போதே அந்தக் கட்டடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட், சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி, சட்டைப் பையைக் கிழிக்கிற கனத்தில் பித்தளைக் குண்டு தொங்கும் சாவி. வருகிறவர்கள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்பா ஒன்றையும் தடவவில்லை. விற்றவன் அவசரத்தில் இருந்தான், அதனால் வாங்கினார்.

அப்பா போனபின் பாகப்பிரிவினை. ஓட்டல் அண்ணனுக்கு, பணமும் அறையும் எனக்கு. ஒப்பந்தத்தில் இரண்டு வரிதான் முக்கியம். அந்த மாடி விருந்தினருக்கு என்னென்ன வசதி உண்டோ அத்தனையும் எனக்கும் உண்டு. அது நான் போட்ட வரி. தொடர்ந்து மூன்று இரவு நான் பன்னிரண்டாம் அறையில் தங்காவிட்டால் அறை ஓட்டலுக்கே திரும்பிவிடும். அது அவர் போட்ட வரி. என் ஐம்பத்திரண்டு லட்சம் வெங்காய ஏற்றுமதியில், துறைமுகத்திலேயே, அழுகிப்போனது. பாங்கில் இரண்டு லட்சத்துச் சொச்சம், தலைக்கு மேல் அந்த அறை, அவ்வளவுதான் நான். ஆறு வருடமாக ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனவன், பந்தியில் பாதியில் எழுந்து கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தேன். அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அண்ணனும் பேசுவதில்லை. கீழே வரவேற்புக் கூடத்தில் எதிர்ப்பட்டால் நடுவில் மேனேஜரை நிறுத்திக்கொள்வோம். நான் இரண்டடி தூரத்தில் நிற்பேன். அண்ணன் மேனேஜரைப் பார்த்து, சோப்பு வியாபாரிக்கு இன்னிக்கு வியாபாரம் எப்படி என்று கேட்பார். தினமும் தரும் சோப்பையும் ஷாம்பு பாட்டிலையும் மிச்சம் பிடித்து எதிர்த்தெரு சலூனுக்கு நான் விற்பது அவருக்குத் தெரியும். உங்க முதலாளி மண்டைக்கு ஷாம்பு செலவு இல்லை, அதனால லாபம்தான் என்று நானும் மேனேஜரிடமே சொல்வேன். பாவம் அந்த மனுஷன், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். இத்தனைக்கும் நான் அண்ணனை ‘அவர்’ என்றுதான் சொல்கிறேன். மரியாதைக்குச் செலவில்லை.

முதலில் என் அறைக்கு வரும் துணிச் செருப்பை நிறுத்தினார். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய், பதினொன்றிலும் பதிமூன்றிலும் செருப்பு இருக்கிறதே என்று காட்டினேன். மறுநாள் பதினொன்றிலும் பதிமூன்றிலும் செருப்பு இல்லை. மாடி முழுக்க வெறுங்கால். எனக்கு ஒன்று கிடைக்கக் கூடாது என்றால் அவர் இருபது பேருக்கு அதைத் தரக் கூடாது; ஒப்பந்தம் அப்படி. அடுத்து தையல் ஊசி டப்பா போனது. பிறகு தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி. உள்ளங்கை அகலம் இருந்த சோப்பு பிஸ்கட் அளவுக்கு வந்தது. கெட்டிலைத் தூக்கிய அன்று, தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று வராந்தாவில் என்னிடம் வெந்நீர் கேட்டது. முதலாளியின் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். நூற்று முப்பது வருடப் பாரம்பரியம், ஒரு பிஸ்கட் சோப்பு என்று இணையத்தில் எவனோ எழுதினான். அண்ணனுக்கு அந்த வாரம் ரத்த அழுத்தம் ஏறியதாகத் துப்புரவுக்கார அம்மா வந்து சொன்னாள். அவளுக்கு அன்றைக்கு இரண்டு ஷாம்பு பாட்டில் அதிகமாகக் கொடுத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெரிய கம்பெனி ஓட்டலை விலைக்குக் கேட்டது. தூண் பிடித்திருந்தது, தொட்டி பிடித்திருந்தது, பித்தளைக் குண்டுகூடப் பிடித்திருந்தது. என்னைத்தான் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு ஆள் ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் கட்டடத்தை எவன் வாங்குவான்? மாதக் கடைசிக்குள் பன்னிரண்டாம் அறை காலியாக வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் பூங்கொத்தோடு என் கதவைத் தட்டினார். குளியலறைக் குழாய் எல்லாம் மாற்றப் போகிறார்களாம், பத்து நாள் வேலை, அதுவரை முதல் மாடியில் ஒரு சின்ன அறை. நான் சிரித்தேன். மூன்று இரவு வரி எனக்கு மனப்பாடம். குழாய் இல்லாவிட்டால் வாளி, வாளி இல்லாவிட்டால் குளிக்காத உடம்பு, நான் நகர மாட்டேன் என்றேன். அவர் இறங்கிப் போய் ஏறி வந்தார். இப்போது நான்காம் மாடியில் ராணி அறை, முழுக்க ஓட்டல் செலவு.

ராணி அறை. ராஜகுமாரிகளும் கடன்காரர்களும் தங்கின அறை. ஆறு வருடமாக ஊசி நூல் திருடியவரிடமிருந்து இவ்வளவு பெரிய துண்டு கறக்கலாம் என்றதும் எனக்குக் கை அரித்தது. பேரம் பேசினேன். இரண்டு இரவு அங்கே, மூன்றாம் இரவு நான் பன்னிரண்டுக்கு வந்து படுப்பேன், மறுபடி இரண்டு இரவு அங்கே, இப்படியே பத்து நாள். கட்டிலில் காலை உணவு. எல்லா வசதியும், ஒன்றுகூடக் குறையாமல். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் கடையில் கேட்டவுடன் தலையாட்டுகிறவனைப் பார்த்தால் துணியை இன்னொரு தரம் அளந்து பார்ப்போம். அன்றைக்கு நான் அளக்கவில்லை.

அறையின் சுகத்தை மறைக்க மாட்டேன். துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். குளியல் தொட்டிக்கு மூன்று நிறத்தில் உப்பு. தலையணைக்குத் தனியாக ஒரு மெனு: இறகு, பஞ்சு, மூலிகை, கழுத்து வலிக்கென்று ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கேட்டேன். பழக்கூடையில் என்ன பழம் என்றே தெரியாத பழம்கூட இருந்தது, அதையும் தின்றேன். ஒவ்வொரு கடியும் அண்ணன் சதை என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். ராணி அறை விருந்தினருக்கு நீராவிக் குளியலும் எண்ணெய் மசாஜும் உண்டு, இன்றைக்கு ஏழு மணிக்குப் பதிவு ஆகியிருக்கிறது என்றார். நாளைக்கு மாற்ற முடியாதா என்றேன். முடியாது. பணமாகத் தருவீர்களா என்றேன். அதுவும் முடியாது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அப்படியே போய்விடும் என்றார்.

அப்படியே போய்விடும். ஒரு வியாபாரி மகனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. காசு கட்டியாகிவிட்ட சரக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதா? ஏழு மணிக்குப் போனேன். ஒரு மணி நேரம் வெந்நீராவி, ஒன்றரை மணி நேரம் சூடான எண்ணெய். அறுபத்து மூன்று வருடத்து முடிச்செல்லாம் அவிழ்ந்தது. மேலே வந்து, பெட்டியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் என்று எட்டுத் தலையணைக்கு நடுவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். பன்னிரண்டின் கதவில் புதுப் பூட்டு. என் சாமானெல்லாம் வராந்தாவில், சுவரோரமாக, பிணத்துக்குக் காத்திருக்கிற மாதிரி வரிசையாக இருந்தது. அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிய வக்கீல், அன்றைக்கு இரண்டு பேரிடமும் பீஸ் வாங்கினவர். மேனேஜர் கொஞ்சம் தள்ளி நின்றார், அவர் தேவைப்படவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் என்னைப் பார்த்தே பேசினார்.

“மூணு ராத்திரி ஆச்சு தம்பி. சாமானை எண்ணிப் பாத்துக்கோ. அப்புறம் அது காணோம், இது காணோம்னு வராதே.”

அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் அன்றே தெருவுக்குப் போயிருப்பேன். ஆனால் மூன்று இரவு ராணி அறையைச் சும்மா கொடுத்தது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். மேனேஜரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மேனேஜர் ஒரு பில்லை நீட்டினார்.

இலவசம் என்றீர்களே என்று கேட்டேன். பன்னிரண்டாம் அறைக்கு உரிமை உள்ளவருக்குத்தான் இலவசம், உரிமை போன ஆளுக்கு எப்படி என்று அண்ணனே பதில் சொன்னார். பணத்தை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கு, இல்லையென்றால் பெட்டியும் இங்கேதான் இருக்கும் என்றார்.

பில்லை வாங்கிப் பார்த்தேன். நாங்கள் பில்லைக் கீழிருந்துதான் படிப்போம். அன்றைக்குக் கீழே பார்த்துத் தலை சுற்றியதால் கண்ணை மேலே கொண்டுபோனேன். ராணி அறைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடவே இல்லை. கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்ததோடு சரி. பதிவு இல்லாத ஆளின் பேரில் அந்த அறைக்குப் பில் போட அவர்கள் கம்ப்யூட்டர் விடாது. அண்ணனோ காசு வேண்டும் என்று நிற்கிறார். அதனால் மேனேஜர் என்னுடைய பழைய கணக்கிலேயே ஏற்றிவிட்டார். முதல் வரி இது: அறை எண் 12, தங்கிய இரவுகள் மூன்று, கூடுதல் வசதிகளுடன். அடியில் ஓட்டல் முத்திரை. அதன்மேல் அண்ணன் கையெழுத்து. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட எந்தப் பில்லையும் இன்னொருவன் கையெழுத்தில் அவர் விடமாட்டார். தொகையை மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறார்.

முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். உடனே பணம் கட்டினால் சந்தேகப்படுவார். அதனால் சண்டை போட்டேன். பழக்கூடைக்கு ஆறாயிரமா, பாதி பழம் அழுகல் என்றேன். வெங்காயக்காரனுக்கு அழுகல் புதுசா என்றார். தலையணைக்கு வாடகை வாங்குகிற ஒரே வம்சம் இதுதான் என்றேன். கால் மணி நேரம் இழுத்துப் பழக்கூடையை இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்தேன். கார்டைத் தேய்த்தேன். தள்ளுபடியை எழுதி, பணம் பெற்றுக்கொண்டோம் என்று அவர் கையாலேயே போடச் சொல்லி வாங்கி, வக்கீலிடம் நீட்டினேன்.

“முதல் வரியைக் கொஞ்சம் படிங்க.”

வக்கீல் கண்ணாடியைப் போட்டார். படித்தார். ஒப்பந்தத்தை எடுத்து அதையும் படித்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “மூணு ராத்திரியும் இவர் பன்னிரண்டுலதான் தங்கினார்னு நீங்களே எழுதி, காசும் வாங்கியிருக்கீங்க. கோர்ட்டுல நான் என்னத்தைச் சொல்ல?” என்றார்.

அண்ணன் கை ரசீதுக்கு நீண்டது. நான் அதற்குள் உள்பாக்கெட்டில் வைத்துவிட்டேன். பணத்தை இப்போதே திருப்பித் தருகிறேன், அந்தக் காகிதத்தைக் கொடு என்றார். முதலில் முழுத்தொகை, அப்புறம் அதற்கு மேல் ஒரு லட்சம், அப்புறம் மூன்று. அந்தப் பணம் எனக்குத் தேவைதான். ஆனால் ஒரு காசு திரும்பி வாங்கினாலும் ரசீது செத்துவிடும் என்று வக்கீல் முகமே சொன்னது.

“பூட்டைத் திறங்க அண்ணே,” என்றேன். “குழாய் வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. நான் குளிக்கணும்.”

அவர் திறக்கவில்லை. மேனேஜர்தான் திறந்தார். மாதக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் வேறு கட்டடத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்தால் இப்போது காறித் துப்புகிறாள். முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி.

ராணி அறை மூன்று இரவு, பில்லின்படி பன்னிரண்டாம் அறை, ஒரு லட்சத்து எண்பதாயிரம். மசாஜ், பதினாலாயிரம். தலையணைகள், நாலாயிரத்து ஐந்நூறு. பழக்கூடை, ஆறாயிரம், அதில் தள்ளுபடி மூவாயிரத்து ஐந்நூறு. கட்டியது இரண்டு லட்சத்து ஓராயிரம், பில்லில் பாக்கி இல்லை. பாங்கில் எனக்கு மிச்சம் பதினோராயிரத்து நானூறு. அண்ணனுக்கு வயது எழுபத்தொன்று, எனக்கு அறுபத்து மூன்று. யார் முதலில் போவது என்கிற அந்தக் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.