பையை உதறிய அப்பா

இரும்பு உருக்கும் ஆலையில் அவர் ஃபிட்டர். வீடு ஆலை மதிலுக்கு அந்தப் பக்கம். ஆறு வயது மகள் இருமினால் ஆலைச் சங்கே தோற்றுப்போகும்.

"புகையப் புடிக்கப் புது மெஷின் வருதுன்னீங்க. வரட்டும். அப்பவும் இருமல் குறையலேன்னா பாப்பாவ எங்க அக்கா வீட்டுல விட்டுடுவேன்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். மகளைப் பார்க்காமல் ஒரு வேளை சோறு இறங்காத மனுஷர் அவர்.

மெஷினும் வந்தது. உலைப்புகை நேரே புகைபோக்கிக்குப் போகாமல், வரிசையாகத் தொங்கும் துணிப்பைகளுக்குள் நுழைந்து போகும். தூசி பையில் தங்கிவிடும். அது தடித்துப்போனால் மெஷினே காற்றடித்துப் பைகளை உதறிக்கொள்ளும். அவசரத்துக்குக் கையால் அழுத்த ஒரு பொத்தானும் உண்டு.

அந்தப் பொத்தான்தான் வினை. பிள்ளையைப் பெற்றவன் அவசரம் மெஷினுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு அழுத்து அழுத்துவார். பை சுத்தமாக இருந்தால் காற்றும் சுத்தமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. வீட்டில் துணி துவைக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், பாவம்.

இருமலோ கூடிக்கொண்டே போனது. மனைவி பெட்டியை எடுத்துத் துடைத்தாள்.

புகைபோக்கித் தூசியை அளக்க வந்த பொறியாளர் ஒரு சின்னப் பெண். மெஷினின் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "யாருங்க இத சும்மா சும்மா அழுத்துறது?"

"நாந்தான் மேடம். சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

அவள் திட்டவில்லை. "அண்ணே, துணி நெசவுல இருக்கற ஓட்டை பெருசு. அதுமேல படியற தூசிதான் பொடித்தூசியப் புடிக்குது. அதையும் உதறிட்டா எல்லாம் வெளிய போயிடும்."

வெளியே போய் எங்கே இறங்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். கோபப்படுவாள் என்று பார்த்தால், "அப்ப இனிமே குறைஞ்சிடும்ல? பெட்டிய உள்ள வெச்சிடவா?" என்றாள்.

ஆமாம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கினார். "பையில திரும்பத் தூசி படியணும். கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் பாப்பா அவ பெரியம்மா வீட்டுல இருக்கட்டும்."

பஸ் கிளம்பும்போது மகள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "அப்பா, புது மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்லடா கண்ணு. மெஷின் நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்குத்தான் கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல."