ஆவரசு மூலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சஞ்சிகைக்காரர் என்னிடம் கேட்டது துறைமுகக் கதை. திருகோணமலை என்றால் கப்பல் வேண்டாமா என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தவன், கிண்ணியா இறங்குதுறையருகே மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த ஓர் ஆவரசுச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கப்பலுக்கு நான் எங்கே போக?

முதல் தொடக்கம்: "1974இன் கடும் வறட்சியில், கடலலைகள்கூட..." (வேண்டாம். அலையில் தொடங்கிய எந்தக் கதையும் எனக்குக் கரைசேர்ந்ததில்லை.)

2

நஜ்முன் நிஸா, கிண்ணியாவில் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர். அந்த வருடம் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஊரெல்லாம் வேலியோரம் மரவள்ளி. அவள் மட்டும் வீட்டு வளவின் ஒரு மூலையைக் குருவிக்கும் பூச்சிக்கும் விட்டு, நடுவில் ஆவரசு விதை போட்டு வளர்த்தாள். அதில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிட வேண்டும் என்பது அவள் ஆசை.

துறைமுகப் பட்டறையில் வேலை செய்த கணவன் முனாப் தவணை சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முடியுமுன் பூக்காவிட்டால் மூலை மரவள்ளிக்கு.

[முனாப்பைப் பொல்லாதவராக்கப் பார்த்தேன். முரட்டு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. வீட்டில் சோறு குறைந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.]

3

ஆவரசு வெயிலுக்கென்றே பிறந்த செடி. ஆனாலும் இலைகள் பழுத்து உதிர்ந்தன. தாகம் என்று நினைத்தாள். கிணறு வற்றுகிற காலத்தில் தண்ணீரை வீணாக்கலாமா? தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவையெல்லாம் செடியடியிலேயே செய்தாள். செடி இன்னும் மோசமாகியது. அவளுக்கு அழுகையே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகைக்குப் புறப்படுமுன் முனாப் செம்போடு மூலைக்குப் போவதைக் சமைத்துக்கொண்டிருந்தவள் குசினி யன்னலால் கண்டாள். செடியடியில் குந்தி, கையும் முகமும் கழுவி, கடைசியாகக் காலையும் அங்கேயே கழுவினார்.

"இது எத்தின நாளா?" என்றாள் பின்னால் போய்.

"மழ விட்டதிலயிருந்து," என்றார், பிடிபட்ட முகத்தோடு. "நீ கவலப்படுறதப் பாக்க ஏலாமத்தான்."

கணக்கு டீச்சருக்கு விடை கிடைத்துவிட்டது. அவளும் ஊற்ற, அவளுக்குத் தெரியாமல் அவரும் ஊற்ற, செடியின் வேர் அழுகிக்கொண்டிருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர்க்கட்சி என்று நினைத்த மனிதர் இவ்வளவு நாளும் தன் பக்கம் நின்றிருக்கிறார் என்ற சந்தோசம் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றோடு இருவரும் வுழூவை முருங்கையடிக்கு மாற்றினார்கள்.

4

ஆகஸ்ட் முப்பத்தொன்று, பின்னேரம். செடி தளிர்த்திருக்கிறது. நுனியில் ஒரே ஒரு மொட்டு. மஞ்சள் தெரிகிறது, விரியவில்லை. சொன்ன சொல்லுக்காக முனாப் கொண்டுவந்த மரவள்ளித் தடிகள் வேலியில் சாத்தியிருக்கின்றன.

முடிவு அ: அந்தி படுமுன் மொட்டு விரிந்தது, ஒரு வண்ணத்துப்பூச்சி மெல்ல... (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு ஆ: தடிகளை ஊன்றினார்கள். அவள்... (மனம் வரவில்லை.)

இரண்டு பேர் ஊற்றிக் கெடுத்த செடிக்கு மூன்றாவதாக நானும் ஊற்றக் கூடாது. முனாப் குனிந்து மொட்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"டீச்சர், இதப் பூவெண்டு எடுக்கலாமா?"

வகுப்பில் அரை மாக்ஸ் போட்டுப் பழக்கமில்லாதவள் அவள். அவள் சொன்ன பதிலை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டிவிட்டேன். இந்தாருங்கள், பேனையை நீங்களே பிடியுங்கள். கொஞ்சம் கெதியாக, அந்தி படுமுன் எழுதுங்கள்; மனிதர் அவள் பதிலுக்குக் காத்து நிற்கிறார், அந்தத் தடிகள் பக்கம் திரும்பவே இல்லை.