கறையான் மருந்து

நிலைச்சட்டத்தைத் துடைத்தபோது என் ஆட்காட்டி விரல் மரத்துக்குள் போய்விட்டது. அழுத்தித் துடைக்கக்கூட இல்லை. அனுஷா தலைப்பிரசவத்துக்கு வருகிறாளே என்று பின்கட்டு அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். மேலே பெயிண்ட் மட்டும் தோலாக நின்றது, உள்ளே மரமே இல்லை. விரலை எடுத்தால் நுனியில் ஈரமண், அதில் வெள்ளையாக ஒரு கறையான் ஊர்ந்தது. பழக்கதோஷம், அதை நசுக்காமல் ஜன்னலுக்கு வெளியே உதறிவிட்டுத்தான் கையைக் கழுவினேன்.

என் வீட்டுக்காரர் அப்பாண்டைநாதன் இதே திண்டிவனத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்த சகாயராஜ் இப்போது விழுப்புரத்தில் இன்ஜினியர். வீட்டைச் சோதித்துப் பார்க்க அவரைத்தான் கூப்பிட்டோம். வியாழக்கிழமை காலையில் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், டார்ச் லைட்டோடு வந்தார். முன்கட்டு கான்கிரீட். பின்கட்டு மட்டும் சீமை ஓடு. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாகப் போட்டது. ஓட்டைத் தாங்கும் மரங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி அடியில் பிளைவுட் சீலிங் அடித்திருந்தோம். சகாயராஜ் அதில் ஒரு பலகையைப் பெயர்த்ததும் ஒரு கூடை மண் அவர் தலையில் கொட்டியது. பிறகு இரண்டு மணி நேரம் ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டே போனார். தட்டிய இடமெல்லாம் அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது.

"சார், இந்த ரூம்ல யாரும் படுக்கக்கூடாது. இன்னிக்கே கட்டில வெளிய எடுத்துடுங்க. மேல உத்திரமே பாதிதான் இருக்கு, எப்ப எறங்கும்னு சொல்ல முடியாது."

"பொண்ணு வருதேப்பா, வர்ற பதினாலாம் தேதி" என்றேன்.

"அதான் மேடம் சொல்றேன். கைக்கொழந்தைய இங்க போட்டுடாதீங்க. நான் எல்லாத்தையும் எழுதித் தர்றேன், சனிக்கிழம ஆபீசுக்கு வந்து வாங்கிக்கங்க."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அண்ணாந்து அந்தப் பொத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரித்தார். "அதுங்களும் நம்மகூடவே குடித்தனம் பண்ணிக்கினு இருந்துருக்குதுங்க சந்திரா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை, அதுதான் உண்மை. வெந்நீர்ப் பானையைத் தொட்டும் சூடு தெரியாத கை மாதிரி இருந்தது மனசு. இரண்டு பேருமாகக் கட்டிலை இழுத்து முன்கட்டில் போட்டோம். அவர் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் சமையலுக்குப் போனேன்.

இங்கே ஒரு மருந்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியது இரண்டாயிரத்து ஒன்றில். மேஸ்திரி பெரியதம்பி, "கடக்காலுக்குக் கறையான் மருந்து அடிச்சுடலாம் சார்" என்றார். நாங்கள் ஜைனர்கள். ஆனால் எங்கள் சனத்திலேயே எத்தனையோ பேர் மருந்து அடித்துத்தான் வீடு கட்டுகிறார்கள், குடியிருக்க வீடு வேண்டுமே என்று. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம குடியிருக்கறதுக்காக அதுங்க குடியக் கெடுக்கணுமா?" என்றார். வேம்பூண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தில் குத்தகைக்காரர் மல்லாட்டைப் பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். கண்ணில் படாத பாவத்துக்கு இவரிடம் கணக்கு கிடையாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அனுஷா கைக்குழந்தை. வாழ்நாளுக்கு ஒரு வீடு, அது அரித்துப்போக வேண்டுமா என்று இருந்தது. இவர் மேல்சித்தாமூர் கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் போனபோது, வாசல் தாண்டியதுமே பெரியதம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன். அம்மா எனக்கென்று கொடுத்து வைத்திருந்த பணத்தைக் கையில் கொடுத்து, "சாருக்குத் தெரியாம மருந்து அடிச்சுடுங்க" என்றேன். மறுநாள் டிரம்மில் கரைத்து எடுத்துவந்து, கடைக்கால் பள்ளம் முழுக்க அடித்தார். நான் மேட்டில் நின்று பார்த்தேன். "வாடையே வரலியே மேஸ்திரி?" என்று கேட்டேன். "இது புது மருந்து வாத்தியாரம்மா, வாடை இருக்காது" என்றார். எறும்புகள் சாரிசாரியாக மேலே ஏறி ஓடின. ஒரு பிள்ளைப்பூச்சி ஈரத்தில் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுவருஷம் தர்மேஷ் பிறந்தான். இரண்டரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். ஒன்பதாவது நாள் சாயங்காலம் கட்டிலில் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டான், அதோடு போய்விட்டான்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எதற்கான தண்டனை என்று. யாரும் சொல்லவில்லை, சாஸ்திரத்தில் இப்படி நேருக்கு நேர் எழுதியும் இல்லை. நானே முடிவு செய்துகொண்டேன். அந்த மாதத்திலிருந்து அட்டமி, சதுர்த்தசி இரண்டு நாளும் காய்ச்சி ஆறிய தண்ணீரோடு மட்டும் இருந்தேன். கோயிலில் பகவான் முகத்தை நேராகப் பார்த்ததில்லை, பாதத்தோடு சரி. இருபத்தொரு வருஷம். இவர் சொந்தக்காரர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார், "எங்க சந்திரகாந்தா மாதிரி நோன்பு இருக்க ஆள் கெடையாது" என்று. அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை விழுப்புரத்துக்கு நான் மட்டும் போனேன். "நீயே போய்ட்டு வா, எனக்கு அந்த ரிப்போர்ட்டப் பாக்க மனசு இல்ல" என்று இவர் வீட்டிலேயே இருந்துகொண்டார்.

சகாயராஜ் போட்டோ எல்லாம் ஒட்டி ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தார். இரண்டே வழி என்றார். ஒன்று, பின்கட்டு மரம் மொத்தத்தையும் கழற்றிவிட்டு இரும்பு போட வேண்டும். அதற்கு முன் வீடு முழுக்கச் சுவரோரம் அடிக்கு ஒரு துளை போட்டு மண்ணுக்குள் மருந்து இறக்க வேண்டும். மருந்து இறக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால், முன்கட்டுக் கதவு ஜன்னலில் தொடங்கி இன்னொரு தடவை வரும். இரண்டாவது, வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டுப் போவது.

"சார் மருந்துக்கு ஒத்துக்கமாட்டாரு, எனக்குத் தெரியும். நீங்கதான் பேசணும் மேடம்."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பெற்ற பிள்ளை மாதிரி இருந்த அவரிடம் சொன்னேன். "கட்டும்போதே மருந்து அடிச்சிருக்குப்பா. சாருக்குத் தெரியாது. நாந்தான் அடிக்கச் சொன்னேன், கூடவே நின்னு பாத்தேன்."

அவர் ஒரு போட்டோவை என் பக்கம் திருப்பினார். "இதப் பாருங்க. உங்க நிலைச்சட்டத்துல மூணு கோட்டிங் பெயிண்ட் இருக்கு. மொதக் கோட்டிங்குக்கு அடியிலயே மண் தடம் ஓடுது. மொதப் பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?"

"கிரகப்பிரவேசத்துக்கு."

"அப்ப வீடு கட்டி முடிக்கறதுக்குள்ளயே வந்துடுச்சு. மருந்து பட்ட மண்ணுல இது நடக்காது மேடம். வெறும் தண்ணிய அடிச்சுட்டுப் போயிருக்கான். நல்லா ஏமாத்தி இருக்கான் உங்கள."

டீ வரவழைத்தார். குடித்தேன். சர்க்கரை போட்டிருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் எதையும் கொல்லவில்லை. இதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அழுகை வரவேண்டும், இல்லை நிம்மதியாவது வரவேண்டும். இரண்டும் வரவில்லை. முண்டியம்பாக்கம் போனது, விக்கிரவாண்டி டோல்கேட் போனது. கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் என் பிள்ளை போனதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் செய்ததால் போனான். கொடுமையான காரணம்தான், ஆனாலும் பிடித்துக்கொள்ள அது ஒன்று இருந்தது. இனிமேல் அதுவும் இல்லை. காய்ச்சல் வந்தது, செத்துப்போனான், அவ்வளவுதான். திண்டிவனத்தில் இறங்க மறந்துவிட்டேன். "இன்னாம்மா, மெட்ராஸ் வரைக்கும் வர்றியா?" என்று கண்டக்டர் கத்திய பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம். இவர் தானே ரசம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு வழியையும் சொன்னேன்.

"மருந்து வேணாம். வாடக வீடு பாத்துக்கினு போயிடலாம். அனுஷா வர்றதுக்குள்ள ஜல்தியா ஒண்ணு புடிச்சுடலாம்" என்றார்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சித்தாமூர் போனது, பெரியதம்பி வந்தது, டிரம், பள்ளம், பிள்ளைப்பூச்சி வரைக்கும். கடைசியில், "அந்த ஆளு என்ன ஏமாத்திட்டாரு, தண்ணிய அடிச்சிருக்காரு" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதிர்ச்சி அடைந்த மாதிரியே தெரியவில்லை.

"அவன் ஏமாத்தல சந்திரா."

"பின்ன?"

"நான் சித்தாமூர் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கே ஓடியாந்துட்டான். 'வாத்தியாரம்மா மருந்து அடிக்கச் சொல்லுது, உங்களுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும், நான் இன்னா பண்றது சார்'னு கேட்டான். நாந்தான் தண்ணிய அடிச்சுட்டுப் போயிடுன்னு சொன்னேன். வாடை வரலன்னு கேட்டா புது மருந்துன்னு சொல்லச் சொன்னதும் நாந்தான்." ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டார். "உனக்கும் மனசு ஆறிடும், உயிரும் போவாது. உன்னக் கேட்டு சண்ட போட்டு அசிங்கப்படுத்த வேணாம்னு நெனச்சேன்."

விடை சரியாக வந்த கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுகிறவர் மாதிரி சொன்னார். அந்தக் குரலில் அன்பும் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆகிவிடுவேன். இருபத்திநாலு வருஷமாக இதை எனக்குச் செய்த நல்லதாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

"தர்மேஷ் போனப்ப நான் இன்னா நெனச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கொன்ன பூச்சிங்களுக்குப் பதிலா அந்தப் பாவம் எம் புள்ளய எடுத்துக்கிச்சுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் நோன்பு. பக்திக்கு இல்ல. நீங்க ஊரெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டீங்களே, அந்த நோன்பு."

கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க சொல்லியிருக்கலாமே."

தட்டில் ரசம் சோறு ஆறி உலர்ந்துபோனது. வெளியே இருட்டிவிட்டது, இனி அவர் சாப்பிடமாட்டார். கோபம் வரும், ஏதாவது எடுத்து வீசுவேன் என்று நானே என்னை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.

பிறகு முன்கட்டுக்கு வந்து, அவர் காது கேட்கவே சகாயராஜுக்குப் போன் போட்டேன். "ஆளுங்கள அனுப்பிடுப்பா. வீடு முழுக்க ஓட்ட போட்டு மருந்து எறக்கிடுங்க. வாடை அடிக்கிற மருந்தா எடுத்தாரச் சொல்லு. நான் கூடவே நிக்கிறேன்."

இவர் எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஆன நாளாக அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "வேணாம் சந்திரா. வாடக வீட்டுக்குப் போயிடலாம். எதுக்கு அந்தப் பாவம் உனக்கு?"

"தண்டனய இருபத்தொரு வருஷம் அனுபவிச்சு முடிச்சுட்டேங்க" என்றேன். "குத்தம் ஒண்ணுதான் இன்னும் பண்ணல."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் அனுஷாவுக்குப் போன் போட்டு, மருந்து வாடை போகட்டும், பத்து நாள் தள்ளி வா என்று சொன்னேன்.