நல்லசிவம் கேட்ட டூயல் கோர்

டூயல் கோர்தான் வாங்க வேண்டும் என்று நல்லசிவம் மறுபடியும் சொன்னபோது ஸ்வர்ணலதாவின் சந்தேகம் வலுத்தது. கம்ப்யூட்டரில் விரல்கூட வைக்காத மனுஷருக்கு அதன் உள்ளே எத்தனை கோர் இருந்தால் என்ன?

மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் இருவரும் கூட்டாகக் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்திவந்தார்கள். நல்லசிவம் போய்ப் படம் பிடித்து வருவார். அந்த டேப்புகளை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து டிவிடி ஆக்குவது ஸ்வர்ணலதா. ஆல்பம் செய்வதும் அவள்தான். பழைய கம்ப்யூட்டர் பாதி வேலையில் படுத்துக்கொள்ள ஆரம்பித்ததால் புதிது வாங்க வேண்டியிருந்தது. ஒரே சில்லில் இரண்டு மூளை வைத்த டூயல் கோர் கம்ப்யூட்டர் கடைகளுக்கு வரத்தொடங்கியிருந்த சமயம் அது. அதே விலைக்கு, ஒரே மூளைதான் என்றாலும் அதைவிட வேகமான சிங்கிள் கோரும் கிடைத்தது. அவளுக்கு வேண்டியது வேகம்.

"இன்னாத்துக்குண்ணே அது? நமக்கு வேலை சீக்கிரம் முடியணும், அவ்ளோதானே?" என்றாள்.

"எல்லாரும் இப்ப அதத்தான் வாங்குதாங்க, லதா. அதையே வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, செல்போன் அடிக்கவும் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் படிக்கட்டுப் பேச்சும் புதிதுதான். முன்பெல்லாம் யார் கூப்பிட்டாலும் அறை அதிர அங்கேயே உட்கார்ந்து பேசுவார். இப்போது குரல் இறங்கிவிட்டது. ஒருமுறை "அசோகன், நான் சொல்லுதவரைக்கும் வெளிய தெரிய வேண்டாம்" என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. அசோகனுக்குத் திருவான்மியூரில் பெரிய ஸ்டூடியோ. மதியங்களில் நல்லசிவம், அடையாறில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போவார். அடையாறிலிருந்து ஒரு கல்யாணமும் வந்தபாடில்லை.

எல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது டேப்புகள். மாலை மாற்றும்போது நல்லசிவம் மாலையை விட்டுவிட்டுப் பெண்ணின் அம்மா முகத்துக்குப் போவார். ஒன்பது வருஷமாக அவர் எடுத்ததைப் பார்த்துப் பார்த்து, கேமரா எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்கு மனப்பாடம். கடைசியாக வந்த டேப்புகளில் கேமரா மாலையிலேயே நின்றது. குறை சொல்ல முடியாத படம். ஆனால் அவர் எடுத்ததில்லை.

அவள் மனதுக்குள் கணக்கு நேராகிவிட்டது. நம் கல்யாணங்களுக்கு யாரையோ அனுப்பிவிட்டு, இவர் அசோகனுக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரமே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். போகும்போது புதுக் கம்ப்யூட்டரைத் தன் பங்கு என்று தூக்கிக்கொண்டு போவார். அதனால்தான் அசோகனுக்கு ஏற்ற மாதிரி கேட்கிறார்.

வாயைத் திறந்து கேட்டுவிடலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

ரிச்சி தெருவில் ஷஃபியுல்லாவின் கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் போனார்கள். ஒரு கல்யாண வீடியோவின் சின்னத் துண்டை அவள் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வந்திருந்தாள். "ரெண்டுலயும் இதையே ஓட்டிக் காட்டுங்க பாய். வாய்ப்பேச்சு வேணாம்" என்றாள்.

ஷஃபியுல்லா இரண்டு கம்ப்யூட்டர்களையும் அருகருகே வைத்து, அந்தத் துண்டை டிவிடி ஆக்கும் வேலையை இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓட விட்டார். சிங்கிள் கோர் முடித்து ஓய்ந்த பிறகும் டூயல் கோர் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க வச்சிக்கீற சாஃப்ட்வேர் பழசுக்கா. ரெண்டு கோர் குடுத்தாலும் அது ஒண்ணுலதான் வேலை செய்யும். இன்னொண்ணு சும்மா குந்திக்கினு கெடக்கும்" என்றார் ஷஃபியுல்லா.

ஸ்வர்ணலதா நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஏமாற்றம் இல்லை.

"டூயல் கோரே இருக்கட்டும்" என்றார்.

"தோத்துப்போனத எதுக்குண்ணே வாங்கச் சொல்றீங்க?"

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "பாய், மறுபடியும் ரெண்டையும் ஓட விடுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆல்பம் செய்யுத சாஃப்ட்வேரத் திறங்க."

சிங்கிள் கோரில் ஆல்பம் பக்கம் பாதி வரைந்து நின்றது. மவுஸை நகர்த்தினால் அம்பு தாமதமாகத் துள்ளித் துள்ளி வந்தது. டூயல் கோரில் ஒரு பக்கம் வீடியோ ஓட, மறுபக்கம் ஆல்பம் பளிச்சென்று திறந்தது.

இவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

"அது சரி. வீடியோ ஓடிக்கினு இருக்கும்போது ஆல்பம் யாரு பண்ணுவா? நான் ஒருத்திதானே கீறேன்?"

"நான் பண்ணுதேன்" என்று நல்லசிவம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, இடது கையாலேயே படங்களைப் பக்கத்தில் அடுக்கினார். மெதுவாகத்தான். ஆனால் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்து அழுத்தினார். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. அது நிற்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

ஷஃபியுல்லா வேறு ஆளைக் கவனிக்க நகர்ந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"பொங்கலுக்கு முன்னாடி. நரம்புல கோளாறாம். மாத்திர குடுத்திருக்காங்க. கேமராவத் தூக்குனா படம் பூரா ஆடுது."

"அந்த டேப்பெல்லாம் யாரு எடுத்தா?"

"அசோகன் அனுப்புன ஆளு. மெஹபூப் அலின்னு பேரு. நானும் கூடவே நின்னேன். பார்ட்டிக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு கேமராப் பையத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன்."

"அடையாறு?"

"கம்ப்யூட்டர் கிளாஸ்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்னாண்ட சொல்லியிருக்கலாமே. டேப்பப் பாத்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா? நீங்க அசோகன்கிட்ட போகப்போறீங்கன்னு நெனச்சி நான் தூங்கியே எத்தினி நாளாச்சு."

"கேமரா தூக்க முடியாதவனுக்கு இங்க எதுக்குப் பங்குன்னு நீ கேட்டா என்ன பண்ணுவேன்? ஏதாவது ஒரு வேலையக் கத்துக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அப்படியெல்லாம் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கேட்டிருப்பாளோ என்னவோ, அவளுக்கே நிச்சயமில்லை.

ஷஃபியுல்லா திரும்பி வந்தார். "எத்தக்கா பேக் பண்றது?"

"டூயல் கோர்" என்றாள். உள்ளே அதையேதான் வைத்திருக்கிறாரா என்று மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு, நல்லசிவத்தை ஆல்பம் வேலையில் விட்டுவிட்டு, தி.நகர் மண்டபத்துக்கு மெஹபூப் அலியோடு அவளே போனாள். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். விளக்குகளைத் தானே மாட்டிக்கொண்டார். அவர் மீதும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பின்னாலேயே நின்று கவனித்தாள்.

பெண்ணின் அப்பா ஜரிகை வேட்டியைச் சரிசெய்தபடி வந்தார். "நல்லசிவம் எங்கம்மா? அவர் எடுப்பாருன்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்?"

பின்னால் வருகிறார் என்று சொல்லிவிடலாம். நாதஸ்வரக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனிப் பெண்வீட்டாரால் வேறு ஆளைத் தேட முடியாது.

"அவரு இப்ப கேமரா எடுக்கறதில்ல சார்" என்றாள் ஸ்வர்ணலதா. "கை சரியில்ல. இவருதான் எடுக்கறாரு. உங்களுக்கு ஒத்து வரலன்னா இப்பவே சொல்லிடுங்க, அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துடறோம்."

அவர் மெஹபூப் அலியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்மா நீங்க" என்றார்.

"சொல்லியிருக்கணும் சார்."

"சரி, எடுக்கச் சொல்லுங்க. பாப்போம்" என்று மணமேடைப் பக்கம் நடந்தார். மெஹபூப் அலி கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் போனார்.