பட்டாளத்தார் வீட்டுத் தண்ணீர்

பட்டாளத்தார் செத்த மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியது. மழை இல்லை, குழாயும் உடையவில்லை. சுவரோரப் பெஞ்சுகளில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருந்த ஏழு சிப்பாய்களின் சீருடையிலிருந்து அது வடிந்தது.

யுத்தம் முடிந்து அவர் வீடு திரும்பிய அன்று அவர் பின்னாலேயே வந்தவர்கள் அவர்கள். "பசங்க லீவுல வந்திருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். அவள் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்தாள். அவர் ஒருவர்தான் சாப்பிட்டார். மற்றவர்கள் சொட்டச் சொட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியோடு ஆற்றில் போனவர்கள் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். ஏழு பேருடைய படமும் பேப்பரில் வந்திருந்தது. லாரியை ஓட்டியவர் பட்டாளத்தார். அவர் மட்டும் நீந்திக் கரையேறினார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அவளும் கிளறவில்லை. லீவு முடியவே இல்லை.

ராணுவத்தை விட்டபின் டெலிபோன் ஆபீஸ் வாசலில் காவல் வேலை பார்த்தார். வண்டி ஓட்டச் சொன்னால் மட்டும் காது கேட்காதவர் போல நடந்துவிடுவார். மற்றபடி அவரைப் போல் கலகலப்பான மனிதர் அந்தத் தெருவில் இல்லை. பிள்ளைகள் இருவரும் பல் விளக்கும் பிரஷ்ஷைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக் குளியலறைக்கு அணிவகுத்துப் போவார்கள். மனைவிக்குக் கமாண்டர் என்று பெயர். சாப்பாட்டில் உப்புக் கூடிப்போனால் எழுந்து நின்று சல்யூட் அடித்து, "எதிரி உள்ள புகுந்துட்டான் கமாண்டர்!" என்பார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை லெஃப்ட் ரைட் போடவைத்தே சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார்; சம்பந்தியம்மாள் கால் மாற்றிப் போட்டதற்கு மறுபடி முதலிலிருந்து நடக்கவிட்டார். வீடு சிரித்தபோதெல்லாம் பெஞ்சிலிருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் சீருடை காய்ந்துவிடும். அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில் மட்டும் அவள் இரண்டு வாளி பிழிந்து கொட்டுவாள்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டரிடம், "உள்ள யாராவது இருக்காங்களா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்து முடிப்பதற்குள் போய்விட்டார்.

பிறகு மகள் சிரிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கம் பக்கமாகப் படித்துக்காட்டினாள். சிப்பாய்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். மகன் அப்பா மாதிரியே சல்யூட் அடிக்க முயன்று பாதியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அன்று தண்ணீர் இரண்டு விரல்கடை கூடியது. வரவழைத்த பிளம்பர், "குழாய் நல்லாத்தான் இருக்கு, ஆளுங்கதான் ஒழுகுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள்.

பத்தாம் நாள், எல்லோரிலும் சின்னவனான சிப்பாய் வாயைத் திறந்தான்.

"அண்ணி, அண்ணன் எப்ப வருவாரு?"

"அவர் செத்துட்டாருப்பா."

"அது தெரியும் அண்ணி. செத்தா இங்கதானே வரணும்? நாங்க வந்தோமே."

அவள் அதை யோசித்திருக்கவில்லை. அன்று முதல் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல், பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் துண்டையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு மாதம் போனது, ஒரு வருடமும் போனது. அவர் வரவில்லை. கூப்பிடாத ஏழு பேர் வந்து உட்கார்ந்திருக்க, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் தொண்டை வற்றியும் அவர் ஒருவர் மட்டும் வராமலிருந்தது அவளுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் விளக்குமாற்றோடு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? இப்பவாவது சொல்லித் தொலைங்க."

சின்னவன்தான் சொன்னான். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை, எல்லோருக்கும் பயம். பாலத்தில் ஏறும்போது அண்ணன் முன்சீட்டுக்குப் பின்னாலிருந்த சிறிய ஜன்னல் வழியாக ஒரு ஜோக் சொன்னார். இவர்கள் சிரிக்கிறார்களா என்று தலையைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"அண்ணன் மேல தப்பில்ல அண்ணி. ஜோக் நல்லா இருந்துச்சு."

விளக்குமாறு அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தது. முப்பத்தோரு வருடம் ஒவ்வொரு வேடிக்கைக்குப் பிறகும் அவர் பார்வை ஏன் தன்னைத் தாண்டிப் பெஞ்சுக்குப் போனது என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது. அந்த வீட்டில் அவர் ஒருநாள்கூடச் சும்மா சிரித்ததில்லை. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதாள். சிப்பாய்களில் ஒருவன் எழுந்து வந்து துண்டை நீட்டினான், அதுவும் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் சிரிக்கவைக்க முயலவில்லை. நாற்காலியில் துணி மடித்துவைத்தாள். வெளியூரில் வேலையிலிருந்த மகனும், மகளும் தங்களோடு வந்து இருக்கச் சொன்னபோது, "இவங்களை யாரு பாத்துப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி உள்ளே நடந்து வந்து, காகிதம் நனையாமல் நின்றுகொண்டே எழுதினார்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"எட்டு."

"குடும்பத் தலைவர்?"

அவள் திறந்திருந்த கதவைச் சற்று நேரம் பார்த்தாள். "நான்தான்."

"இவங்க வயசு?"

"எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூணு இருக்கும். ரொம்ப நாளா அப்படித்தான்."

"உங்களுக்கு என்ன உறவு?"

அவள் பெஞ்சுகளைப் பார்த்தாள். ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கொழுந்தனுங்க" என்றாள்.

டீச்சர் ஏழு வரியிலும் அதையே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி அடுத்த வீட்டுக்குப் போனார்.